டோனட் கொட்டி வெச்சு கரடி சுடுறதெல்லாம் ஒரு வேட்டையா?

வாசகர் கேள்வி, மே 12, 2024
அண்ணே, நீங்க கனடால சட்பரி பக்கம் கரடி வேட்டைக்குப் போறீங்கன்னு இன்னொரு இழைல படிச்சேன். ட்ரம்ல பழைய டோனட்டைக் கொட்டி வெச்சிட்டு, மரத்து மேல சொகுசா உக்காந்துக்கிட்டு, அது வந்து திங்கும்போது சுடுறதுக்குப் பேரு வேட்டையா? சுத்த ஏமாத்து வேலை. தில்லு இருந்தா காட்டுக்குள்ள தேடிப் போய் சுடுங்க.

மே 12, ராத்திரி
போலாம் தம்பி, எங்க போறது? வடக்கு ஒண்டாரியோ காடு ரோட்டோரமா நின்னு பைனாகுலர்ல பாக்குற காடு இல்ல. ஸ்ப்ரூஸ் மரமும் ஆல்டர் புதரும் பின்னிக் கிடக்கும், பதினஞ்சு இருபது அடிக்கு அப்பால ஒண்ணும் தெரியாது, காலுக்கடியில பூரா காஞ்ச குச்சி, நீ வண்டிய விட்டு இறங்குறப்பவே கரடிக்குத் தெரிஞ்சிரும், அதுக்கு மூக்கு அப்படி. மலைச்சரிவு திறந்து கிடக்குற பிரிட்டிஷ் கொலம்பியா, மொண்டானால தேடிப் போய்தான் சுடுறாங்க, அங்க பெய்ட் (கரடிய வரவெக்க வெக்கிற தீனி) போடவே கூடாது, அந்த நிலத்துக்கு அது சரி. இங்க தேடிப் போனா கரடியோட பின்பக்கம் ஓடுறதைத்தான் பாப்ப. அவசரத்துல அதைச் சுட்டேன்னு வை, காயத்தோட போய் எங்கயாவது கிடந்து சாகும்.

ஏமாத்துன்னு சொன்னியே, ஆமா, ஏமாத்துதான். தூண்டில்ல புழு கோக்குறதும் ஏமாத்துதான். நான் கேக்குறது வேற. வரவெச்ச மிருகத்தை நிதானமாப் பாத்து இது ஆணா பொட்டையா, குட்டி இருக்கா, சுடலாமா வேணாமான்னு யோசிக்க நேரம் கிடைக்குதா? பெய்ட்ல கிடைக்குது. சொகுசுன்னியே, மே மாசம் கடைசில இங்க வந்து கருப்பு ஈயோட ஒரு மணி நேரம் கை அசைக்காம உக்காந்து பாரு, அப்புறம் பேசுவோம்.

மே 13
ஷிஃப்டுக்குப் போறதுக்குள்ள ஒண்ணு. "அமெரிக்காவுல எப்பவோ தடை பண்ணிட்டாங்க"ன்னு ஒருத்தர் போட்டிருக்கார். பாதிதான் சரி. கொலராடோ 1992ல, ஓரிகான் 1994ல, வாஷிங்டன் 1996ல மக்கள் ஓட்டுப் போட்டு பெய்ட்டைத் தூக்குனாங்க. மெய்ன் மாநிலத்துல 2004லயும் 2014லயும் ஓட்டுக்கு விட்டாங்க, ரெண்டு தடவையும் தடை தோத்துருச்சு. மெய்ன்ல பெய்ட், நாய், பொறி மூணுமே இன்னைக்கும் உண்டு. மெய்ன் காடும் எங்க காடு மாதிரிதான், நெருக்கம்.

மே 13, சாயங்காலம்
சரி, எப்படிப் பண்றதுன்னு கேட்டவங்களுக்கு.

205 லிட்டர் ட்ரம், இங்க 45 கேலன் ட்ரம்முன்னு சொல்வாங்க. சாப்பாட்டுச் சாமான் வந்ததா இருக்கணும், கெமிக்கல் ட்ரம் வேணாம். பக்கவாட்டுல ஒரு ஓட்டை, கரடியோட கை போற அளவு, தலை போகக் கூடாது. பெரிய மரத்தோட சங்கிலி போட்டுக் கட்டணும், இல்லைன்னா ராத்திரியோட ராத்திரியா உருட்டிட்டுப் போயி ஓடைல தள்ளிரும். உள்ள ஓட்ஸ், பாப்கார்ன், பேக்கரில தூக்கிப் போடுற ரொட்டி, மொலாசஸ் (கரும்புச் சக்கைப் பாகு). ட்ரம்மைச் சுத்தி மண்ணுல ஹோட்டல் பழைய எண்ணெய். அதுல மிதிச்சிட்டுப் போற ஒவ்வொரு கரடியும் பாதத்துல வாசனையைக் காடு பூரா இழுத்துட்டுப் போகும், அடுத்த கரடி அந்தத் தடத்தைப் பிடிச்சே வந்துரும். நீ காசு குடுக்காத விளம்பரம்.

எடம்தான் முக்கியம். வீட்டுலேர்ந்து 500 மீட்டர் தள்ளி இருக்கணும், பொது ரோடு, போர்டு வெச்ச நடைபாதைலேர்ந்து 200 மீட்டர். இது சட்டம். சட்டத்துல இல்லாதது ஒண்ணு: ஈரமான தாழ்வு நிலத்தை ஒட்டி, அடர்த்தி ஓரமா வைக்கணும். பெரிய கரடி வெட்டவெளியத் தாண்டி வராது. சாயங்காலம் காத்து சரிவுல கீழ இறங்கும், அப்ப உன் வாசனையும் கீழதான் போகும், அதை யோசிக்காம ஸ்டாண்ட் (மரத்து மேல உக்கார்ற மேடை) கட்டுனா சீசன் பூரா அணிலைப் பாத்துட்டு வர வேண்டியதுதான்.

எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது சுரங்கத்துல என்கூட வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு பிரெஞ்சுக்காரப் பெருசு. பொறி வெக்கிறது அவருக்குக் குடும்பத் தொழில். அவர்கிட்டேர்ந்துதான் எனக்கு பீவர் (ஓடைல அணை கட்டுற மிருகம்) கிடைக்குது, தோல் உரிச்ச பீவரைக் கம்பில கட்டி ஆள் உயரத்துக்கு மேல தொங்கவிட்டா வேற எந்த பெய்ட்டும் கிட்ட நிக்காது. நாத்தம் மட்டும் வண்டிய விட்டுப் போகாது. வீட்டம்மா அந்த பிக்கப்ல ஏறுறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.

மே 14
சாக்லேட் போடலாமான்னு மூணு பேர் கேட்டாச்சு. போடாதீங்க. 2014ல நியூ ஹாம்ப்ஷயர்ல ஒரு பெய்ட் எடத்துல நாலு கரடி செத்துக் கிடந்துச்சு, ரெண்டு பொட்டை, ரெண்டு குட்டி. சாக்லேட்ல இருக்குற தியோப்ரோமின் விஷமாயிருச்சு. நாய்க்கு சாக்லேட் குடுக்கக் கூடாதுன்னு சொல்றாங்கள்ல, அதே சமாச்சாரம். அதுக்கப்புறம் அந்த மாநிலத்துல சாக்லேட்டைத் தடை பண்ணிட்டாங்க. டோனட்ல மேல சாக்லேட் பூசுனதையும் நான் பொறுக்கி எடுத்துருவேன்.

மே 14
பாப்கார்னுக்கு உப்பு போடணுமான்னு கேட்டவருக்கு: கரடிக்கு பிபி இல்ல, உங்க இஷ்டம்.

மே 19
ஸ்கார்பரோலேர்ந்து ஒரு அண்ணை, "வசந்த காலத்திலை வேட்டை ஆடினா குட்டியள் அநாதையாப் போகாதோ, அதுக்குத்தானே முந்தி நிப்பாட்டினவை"ன்னு கேட்டிருக்கார். நல்ல கேள்வி, முதல் கேள்வியை விட நல்ல கேள்வி.

ஆமா, அதுக்காகத்தான் 1999ல ஒண்டாரியோ அரசாங்கம் வசந்த சீசனையே மூடுச்சு. 2014ல சில பகுதில மட்டும் சோதனையாத் திறந்தாங்க, 2016ல விரிவாக்குனாங்க, 2021ல நிரந்தரமாக்கிட்டாங்க. மே 1லேர்ந்து ஜூன் 15 வரை. குட்டியோட இருக்குற பொட்டையச் சுட்டா 25,000 டாலர் வரைக்கும் ஃபைன், ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம்.

சட்டம் சரி, காட்டுல எப்படின்னா, தாய்க்கரடி பல தடவை குட்டிங்களை ட்ரம்முக்குக் கூட்டிட்டு வராது. கொஞ்சம் தள்ளி பெரிய பைன் மரத்துல ஏத்திவிட்டுட்டு தான் மட்டும் வரும். ஏன்னா அங்க ஆண் கரடி வரும், ஆண் குட்டியக் கொல்லும். அதனால தனியா ஒரு கரடி வந்தா அது தனிக் கரடின்னு அர்த்தம் இல்ல. நான் ஒரு பொட்டையப் பாத்தேன், அரை மணி நேரம் தனியாத் தின்னுச்சு, நடுநடுவுல ஒரே திசையத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. பால் குடிச்ச எடத்துல முடி தேஞ்சிருந்தது அது பின்காலை மடக்கி உக்காந்தப்பதான் தெரிஞ்சுது. தேடிப் போய் சுடுறவனுக்கு இதெல்லாம் பாக்க நேரம் ஏது? கேமரா வேற மாட்டியிருப்போம், ராத்திரி குட்டியோட வந்திருந்தா அதுல மாட்டிரும்.

இதுல ஆகஸ்டு, செப்டம்பர் சீசனை நல்லதுன்னு சொல்றவங்களும் உண்டு, அப்ப குட்டி கொஞ்சம் வளந்திருக்கும். ஆனா சட்பரில ஜூலை, ஆகஸ்டுல புளூபெர்ரி பழுத்துச்சுன்னா ட்ரம்மை ஒரு கரடி திரும்பிப் பாக்காது. புளூபெர்ரி காய்க்காத வருஷம்தான் ஊருக்குள்ள குப்பைத்தொட்டியக் கவுக்க வரும்.

மே 21
நம்ம ஊர்ல பண்ணலாமான்னு கேக்காதீங்கப்பா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல நம்ம கரடி முதல் அட்டவணை, அதாவது உச்சப் பாதுகாப்பு. அதுவும் அது வேற ஜாதி, கரையான் திங்குற கரடி, ஆளைக் கண்டா ஓடாம மேல பாயுற கரடி. இங்க இருக்குற கருங்கரடி பெரும்பாலும் ஓடத்தான் பாக்கும். ஒண்டாரியோல மட்டும் 85,000லேர்ந்து ஒரு லட்சத்துச் சொச்சம் வரைக்கும் இருக்குன்னு அமைச்சகத்தோட கணக்கு. ரெண்டையும் ஒரே தராசுல வெக்க முடியாது.

மே 27
அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) போன வாரம் ஒரு ரிப்போர்ட் போட்டிருக்கு, கரடிக்கறி திங்குறவங்க கண்டிப்பாப் பாக்கணும். 2022ல ஒரு குடும்பம் ஒண்ணு கூடுன எடத்துல சஸ்காட்சவான்ல சுட்ட கருங்கரடியக் கம்பில கோத்துச் சுட்டுத் தின்னுருக்காங்க. ஃப்ரீசர்ல 45 நாள் கிடந்த கறி, புழு செத்திருக்கும்னு நம்பிருக்காங்க. 6 பேருக்கு ட்ரிக்கினெல்லா (கறில இருக்குற ஒட்டுண்ணிப் புழு) வந்துருச்சு, அதுல 2 பேர் கறியத் தொடக்கூட இல்ல, கூட வெந்த காய்கறிய மட்டும் தின்னவங்க. கரடிக்கறி கருஞ்சிவப்பு, வெந்துச்சா வேகலையான்னு கண்ணுக்குத் தெரியாது. வடக்கத்திக் கரடில இருக்குற புழு குளிருக்குச் சாகாத வகை. உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வந்தே ஆகணும், தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க.

இதுல நமக்கு ஒரு வசதி, நம்ம யாரும் கறிய மீடியம் ரேர்ல கேக்குறதில்ல. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு குக்கர்ல நாலு விசில் கூடுதலா விட்டா புழுவாவது ஒண்ணாவது. ஆனா கறிய வெட்டுன கத்தி, பலகை? அதைக் கழுவாம அதுலயே தக்காளி வெட்டுனா விசில் என்ன செய்யும்.

ஜூன் 2
"பெருசுன்னு எப்படித் தெரியும், எல்லாக் கரடியும் பெருசாத்தானே தெரியுது?"

தெரியும்ல! அதான் சிக்கலே. மரத்து மேலேர்ந்து முதல்ல பாக்குறவனுக்கு எல்லாமே ராட்சசன்தான், சுட்டு கிட்டப் போய் நின்னா பாதியாச் சுருங்கிக் கிடக்கும். அதுக்குத்தான் ட்ரம். நிமித்தி வெச்ச ட்ரம் மூணடிக்கு ஒரு இஞ்ச் கம்மி. நாலு கால்ல நிக்குற கரடியோட முதுகு ட்ரம்மோட மேல் விளிம்பை எட்டுச்சுன்னா மூச்சைப் பிடிச்சுக்கோ. பாதி உயரம்தான் இருக்குன்னா அது போன வருஷம் தாயை விட்டுப் பிரிஞ்ச பையன், போகட்டும்.

அப்புறம் காது. சின்னக் கரடிக்கு காது தலை உச்சில பெருசா நிக்கும், பெரிய ஆணுக்கு காது பக்கவாட்டுல போயிரும், சின்னதாத் தெரியும், ரெண்டுக்கும் நடுவுல மைதானம் மாதிரி இடைவெளி இருக்கும். வயிறு தரையத் தொடுற மாதிரி தொங்கும். பொட்டைக்கு மூஞ்சி நீளமா ஒல்லியா இருக்கும், ஆணுக்குக் கட்டையா அகலமா. முன்பாதத் தடத்தோட அகலத்தை அளந்து ஒண்ணு கூட்டு, அஞ்சு இஞ்ச்னா தோல் விரிச்சா ஆறடி. ஆறரைக்கு மேல போனா பெருசு, ஏழடிலாம் எல்லாருக்கும் வாய்க்காது.

எல்லாத்தையும் விட நம்பகமானது நடத்தை. சின்னது ஓடி வரும், திங்கும், சத்தம் கேட்டா ஓடும், திரும்ப வரும். திடீர்னு தின்னுக்கிட்டிருந்த கரடி தலையத் தூக்கி ஒரு பக்கமாப் பாத்துட்டு மறுபக்கம் பறந்துச்சுன்னா, அது பாத்த பக்கம் என்ன வருதுன்னு பாரு.

ஜூன் 3
பீவர் பத்தி மேல எழுதுனதோட இதையும் சேத்துப் படிங்க: அது மே மொத ரெண்டு மூணு வாரத்துக்கு. கோடை சூட்டுல ரெண்டு நாள்ல புழு வெச்சுரும். ஜூன்ல இனிப்புதான். அதோட ஜூன்ல ஆணுங்க சாப்பாட்டுக்கு வரதில்ல, பொட்டைக்கு வருது, இணை சேர்ற காலம். ட்ரம்முக்குப் பொட்டை வாடிக்கையா வந்தா அதை ஒண்ணும் பண்ணாத, அதுதான் உன்னோட உண்மையான பெய்ட். இது பெருசு சொன்னது.

ஜூன் 9
எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். கிடைச்சிருச்சு.

கேமரால ஒரு பெரிய ஆண் வந்துக்கிட்டே இருந்துச்சு, எப்பவும் ராத்திரி ஒண்ணு ரெண்டு மணிக்கு. வலது காது நுனி கிழிஞ்சிருக்கும். நான் சாயங்காலம் இறங்கிப் போற வரைக்கும் எங்கயோ படுத்திருந்து, வண்டிக் கதவு சாத்துற சத்தம் கேட்டப்புறம்தான் வருதுன்னு பெருசுக்குச் சந்தேகம். அதனால ஒரு வேலை பண்ணோம். ரெண்டு பேரும் சேந்து போய், சத்தமாப் பேசிக்கிட்டே ட்ரம்மை ரொப்புனோம், நான் ஸ்டாண்டுல ஏறிட்டேன், பெருசு பிரெஞ்சுல பாட்டுப் பாடிக்கிட்டே திரும்பி நடந்து கதவை டமால்னு சாத்தி வண்டிய எடுத்துட்டுப் போயிட்டார். கரடிக்கு எண்ணத் தெரியாதுன்னு அவர் சொல்வார்.

மொதல்ல ரெண்டு வயசு ஒண்ணு வந்துச்சு. தின்னுச்சு. சூரியன் விழ இங்க இப்ப 9 மணிக்கு மேல ஆகும், அதுக்கப்புறம் அரை மணி நேரம் வரைக்கும் சுடலாம். 9 மணி சுமாருக்கு சின்னது தலையத் தூக்குச்சு, ஒரு ஊதல் விட்டுச்சு, எடது பக்கம் பாஞ்சு போயிருச்சு. வலது பக்கம் ஒண்ணும் இல்ல. ஆல்டர் புதர்தான். ரொம்ப நேரம் கழிச்சு அந்தப் புதருக்குள்ள ஒரு காது ஆடுச்சு, கொசு கடிச்சிருக்கும் போல. அது எப்பவோ வந்து காத்துக்கு எதிரா உக்காந்துருந்துருக்கு, நான் அந்த எடத்தைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன், தெரியல.

வந்துச்சு. குச்சி ஒடியற சத்தமே இல்ல. ட்ரம் பக்கத்துல நின்னப்ப முதுகு விளிம்புக்கு ரெண்டு விரக்கடை கீழ. முன்னங்காலை மணிக்கட்டுல மடக்கி ஓட்டைக்குள்ள விட்டு, வெளிய எடுத்து, நகத்து இடுக்குல ஒட்டுன பாப்கார்னை ஒவ்வொண்ணா நக்கித் தின்னுச்சு. மூக்கு ஈரமா மினுமினுன்னு இருந்துச்சு, அதைச் சுத்தி ஒரு கொசுப் படை. இதையெல்லாம் ஸ்கோப்ல பாத்துக்கிட்டு இருந்தேன், பாக்கலாம்ங்கிறதுக்காகவே பாத்தேன். முன்னங்கால் முன்னாடி போய் விலா முழுசாத் திறக்குற வரைக்கும் விரலை வெளியவே வெச்சிருந்தேன். .308 துப்பாக்கி, நடுவுக்கு நடுவுல. முப்பது மீட்டர் ஓடிப் போய் விழுந்துச்சு. அப்புறம் சாகுறப்ப கரடி விடுற அந்த முனகல். நீளமா ஒரு தடவை. கேட்டவங்களுக்குத் தெரியும், கேக்காதவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஜூன் 10
வாழ்த்துனவங்களுக்கும் திட்டுனவங்களுக்கும் நன்றி. எடை போடல, தராசு இல்ல, ரெண்டு பேர் சேந்து இழுத்து ஸ்லெட்ல ஏத்தவே முடியல, அங்கயே தோல் உரிச்சு கூறு போட்டுத்தான் கொண்டாந்தோம். ஜூன் சூட்டுல கொழுப்பும் முடியும் சூட்டை உள்ளயே வெச்சிருக்கும், காலைல வந்து எடுத்துக்கலாம்னு விட்டா கறி போச்சு. தோல் ஆறே முக்கால் அடி. மண்டை ஓடு 60 நாள் காஞ்சப்புறம்தான் அதிகாரபூர்வமா அளப்பாங்க. பூன் அண்ட் க்ராக்கெட்டோட (வேட்டைச் சாதனைகளைப் பதியுற அமெரிக்க கிளப்) பெரிய புத்தகத்துக்கு நீளமும் அகலமும் சேத்து 21 இஞ்ச் வேணும், இது கண்டிப்பா வராது, எனக்கு அதுல ஆசையும் இல்ல.

பித்தப்பை கேட்டு தனியா மெசேஜ் அனுப்புனவருக்கு: அது சட்டவிரோதம். இன்னொரு தடவை கேக்காதீங்க.

ஜூன் 11
ட்ரம்மைக் கழட்டி எடுத்துட்டு வரதுக்கு முன்னாடி கேமரா கார்டைப் பாத்தேன். சுட்ட அன்னைக்கு ராத்திரியே, நாங்க கறியத் தூக்கிட்டுப் போய் மூணு மணி நேரம் கூட ஆகல, அந்த ரெண்டு வயசுப் பையன் வந்துட்டான். ரத்தம் கிடந்த எடத்தை மோந்து பாத்தான், ட்ரம்முல கைய விட்டான். பெரியவன் போனதுல அவனுக்கு நிம்மதின்னும் எடுத்துக்கலாம், புத்தி வராத அளவுக்கு ஓட்ஸ் ருசி பழகிருச்சுன்னும் எடுத்துக்கலாம். எனக்கு ரெண்டாவது பக்கம்தான் மனசு போகுது.

முதல்ல கேள்வி கேட்ட தம்பி தில்லைப் பத்திப் பேசுனது எனக்கு இப்பவும் உறைக்கல. மெய்ன்ல 2014ல பெய்ட்டை எதிர்த்துப் பிரச்சாரம் பண்ணவங்க சொன்ன வாதம் வேற, இப்படிக் கொட்டுற தீனியே கரடிய கொழுக்க வெச்சு எண்ணிக்கையக் கூட்டுது, மனுஷ வாசனையும் இனிப்பும் ஒண்ணுன்னு பழக்குதுன்னு. அதுக்கு எங்கிட்ட முழு பதில் இல்ல. வீடுங்க பக்கம் போகாத தூரத்துல வெக்கிறேன், சீசன் முடிஞ்சதும் ஒரு துளி விடாம அள்ளிட்டு வந்துர்றேன், அவ்வளவுதான். அடுத்த வருஷம் டோனட்டை விட்டுட்டு பீவரும் ஓட்ஸும் மட்டும் வெச்சுப் பாக்கலாம்னு இருக்கேன். பெருசு கேட்டா சிரிப்பார்.

ஜூன் 16
கொழுப்பை என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க. சின்னச் சின்னதா வெட்டி, சிம்ல வெச்சு உருக்கி, துணில வடிகட்டுனா வெள்ளையா வரும். வசந்த காலக் கரடில கொழுப்பு கம்மி, இலையுதிர் காலத்துலதான் கொட்டும். இங்க அதுல பை (pie) சுடுவாங்க. நான் பூட்ஸுக்குத் தடவுறேன். ஒரே ஒரு தடவை வீட்டம்மாவுக்குத் தெரியாம பரோட்டா போட்டேன். நல்லா லேயர் வந்துச்சு. அடுத்த நாள் பாட்டில் காரேஜுக்குப் போயிருச்சு.

ஜூன் 20
ஸ்கார்பரோ அண்ணை அடுத்த மே மாசம் வரேன்னு சொல்லிட்டார். அண்ணே, இப்பவே ஆரம்பிங்க. வேட்டைக் கல்வி கோர்ஸ் முடிக்கணும், துப்பாக்கி பாதுகாப்பு கோர்ஸ் முடிக்கணும், முதல் தடவை துப்பாக்கி லைசென்ஸ் கேக்குறவங்களுக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு, அதுக்கு மேல அவங்க எப்ப அனுப்புறாங்களோ அப்ப. அவுட்டோர்ஸ் கார்டு (வேட்டைக்காரங்க அட்டை), கரடி லைசென்ஸ், டேக் (சுடப்போற கரடிக்கான சீட்டு) எல்லாம் அதுக்கப்புறம். மரத்துல இல்லாத நேரம் ஆரஞ்சு கலர் சட்டையும் தொப்பியும் கட்டாயம். பஃபலோல இருக்குற உங்க மச்சானையும் கூட்டிட்டு வரேன்னீங்களே, அவர் கனடாக்காரர் இல்லைன்னா பொதுவா லைசென்ஸ் வெச்ச அவுட்ஃபிட்டர் (வேட்டைக்குக் கூட்டிட்டுப் போற தொழில் பண்றவங்க) மூலமா வரணும், என் ஸ்டாண்டுல உக்கார வெக்கலாமான்னு முதல்ல விசாரிக்கணும். கொசு வலை நல்லதா வாங்குங்க, தலைக்குப் போடுறது. சிகரெட்டை ஏப்ரல்லயே விட்டுருங்க.